நான்கு திருகாணிகள்

கொகிம்போ துறைமுகத்து நூலகத்தில்
எதற்கும் வேர் கிடையாது.
அலமாரிகள் இடுப்புயரம்.
ஒவ்வொன்றுக்கும் நாலு சக்கரம்,
சக்கரத்துக்குச் சக்கரம் சிவப்பாய் ஒரு நாக்கு.
மிதித்தால் நிற்கும்.
நெம்பி நிமிர்த்தினால் கிளம்பிவிடும்.

திங்கள் மாலை
சட்டமும் கவிதையும் சுவரோரம் ஒதுங்க,
நடுவில் கைக்குட்டை சுழற்றி ஆடிப் பழகுகிறார்கள்.
புதன்கிழமை தையல்.
வியாழன் காலை மீனவர் சங்கத்துக் கணக்குவழக்கு,
அன்று பிற்பகல்வரை நாற்காலிகளில் பாசி வாசம்.
ஒருமுறை பல் மருத்துவர்கூட வந்தார்.
வரலாற்று அலமாரியைத் திரையாக நிறுத்திப்
பதினேழு பற்கள் பிடுங்கினார்.

"இடம் என்பது ஒரு வினைச்சொல்" என்றாள்
இயக்குநர் ஃப்ரெஸியா, மேசைகள் வந்திறங்கிய நாளில்.
எனக்குப் பிடித்திருந்தது.
அந்த வினையைச் செய்யப்போவது நான்தான் என்பது
அப்போது தோன்றவில்லை.

மூன்றாம் எண் வண்டி மட்டும் சொன்ன பேச்சு கேட்காது.
இடப்பக்கம் இழுக்கும். கீச்சிடும்.
கவிழ்த்துப் பார்த்தால் அச்சில் நைலான் நரம்பு,
யார் காலணியிலோ ஒட்டிவந்த தூண்டில் மிச்சம்.
கத்தரியால் அறுத்தெடுப்பேன்.
மறுவாரம் மறுபடி சுற்றியிருக்கும்.

நிபால்தோ வருவது செவ்வாயும் வெள்ளியும்.
இழுவைப் படகில் வேலை பார்த்தவர்.
கண் போய் ஒன்பது வருடம்.
வாசலிலிருந்து பதினோரு காலடி,
வலப்பக்கம் திரும்பி நாலு,
அங்கே நாற்காலி, அங்கே ஒலிப்புத்தகக் கருவி.
அது பழைய கணக்கு.
இப்போது பதினோராவது காலடியில்
ஒரு நாள் செடித்தொட்டி,
ஒரு நாள் முன்பின் தெரியாத பெண்ணின் மடி.
அவர் மன்னிப்புக் கேட்டார். அவளும் கேட்டாள்.
அடுத்த வெள்ளி, முழங்கால் தோலுரிந்து
அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.
சத்தம் போடவில்லை.
"யாஸ்னா, கடலை உள்ளே விட்டுவிட்டீர்கள்.
நல்லதுதான்.
கயிற்றை எதில் கட்டுவது?"

கூட்டம் போட்டோம்.
தரையில் மேடான நாடா ஒட்டலாம் என்றார்கள்.
செல்பேசியில் செயலி ஒன்று இருக்கிறதாம்.
தீர்மானம் அடுத்த கூட்டத்துக்கு நகர்ந்தது,
அதற்கும் சக்கரம்.

அன்றிரவு பூட்டும் முன்
சன்னலோர வட்ட மேசையைப் புரட்டிப்போட்டேன்.
சக்கரங்களைக் கழற்றி, நிமிர்த்தி,
பலகைத் தரையோடு நான்கு திருகாணி.
வாடகைக் கட்டடம்.
எங்கும் துளையிடக் கூடாது என்பது ஒப்பந்தம்.
மரத்தூளைக் கூட்டி அள்ளிச்
சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

மறுநாள் ஃப்ரெஸியா அதை இடுப்பால் தள்ளிப் பார்த்தாள்,
ஒரே ஒருமுறை.
பிறகு தன் காபியை அதன்மேல் வைத்தாள்.

அதற்குப் பெயர் ஆணி மேசை.
பிள்ளைகள் வைத்தது.
ஆணிக்கு இடப்பக்கம் டைனோசர்,
ஆணிக்குப் பின்னால் கழிப்பறை.
நிபால்தோவின் கணக்கில் இப்போது பதினேழு காலடி.
பிடுங்கிய பற்களின் எண்ணிக்கை, மறக்காது என்றார்.

ஒரு வெள்ளி, நாலரை மணி.
முதலில் சன்னல் கண்ணாடிகள் முணுமுணுத்தன.
யாரும் எழவில்லை.
ஐந்துக்குக் குறைந்த அதிர்வுக்கு
இந்த ஊரில் தேநீர்க் கோப்பையைக் கீழே வைக்கமாட்டார்கள்.
நான் மிதிக்க மறந்த நாக்குகள்
ஒன்றிரண்டு இருந்தன.
மூன்றாம் எண் கிளம்பியது.
இடப்பக்கம் வளைந்து, கீச்சிட்டு,
மணியோசை முன்னே வரும் யானையாய்
ஆணி மேசையில் முட்டி நின்றது.

நிபால்தோ கைநீட்டி முதுகுகளைத் தடவினார்.
"நான் கேட்டது இரண்டாம் பாகம். இது என்ன?"
"சமையல்."
"வீடு தேடி வந்ததைத் திருப்பி அனுப்பக் கூடாது. வாசி."

விளக்குகள் இன்னும் ஆடிக்கொண்டிருந்தன.
வரிகள்மேல் நிழல் போவதும் வருவதுமாய் இருந்தது.
சார்க்கிகான்:
பூசணி, உருளை, உப்புக்கண்டம் ஒரு பிடி,
வெங்காயத்தோடு சோளத்தையும் போட்டு
"சோளம் கடைசியில்" என்றார்.

புத்தகத்தில் அப்படி இல்லை.
பென்சிலை எடுத்து
ஓரத்தில் எழுதினேன்.